கொண்டா சிஸ்டர்

அறுவை சிகிச்சை வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் தங்களைக் கவனிக்கும் மூத்த நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் 'கொண்டா சிஸ்டர்'. ஒருத்தி ஊசியில் மருந்து ஏற்றத் தடுமாறினால் போதும், "இங்க கொண்டா" என்று அவர் கை நீளும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதானாலும், படுக்கை விரிப்பை இழுத்துச் செருகுவதானாலும் அதே கைதான். வேலை கச்சிதமாக முடியும். மாணவி பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

அவர் யாரையும் திட்டியவர் இல்லை. நோயாளிக்கு வலிக்கக் கூடாது, பயிற்சிக்கு வந்த பிள்ளையின் முகமும் வாடக் கூடாது. இரண்டுக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

வீட்டிலும் அதே கதை. பஸ் ஓட்டுநரான கணவர் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால் பாதியில் கத்தி கைமாறிவிடும். "நல்லவேளை, நீ என் பஸ்ஸுல ஏறினா பின்னாடி உக்காருற" என்பார்.

இந்த முறை வந்தவர்களில் ஒருத்தி தெரிந்த முகம். போன வருடம் அவரே தேர்ச்சி கொடுத்து அனுப்பியவள்.

"நீ இன்னும் முடிக்கலையாம்மா?"

"அடுத்த வார்டுல தனியா கட்டு மாத்தச் சொன்னாங்க. கை ஓடல சிஸ்டர். திரும்ப இங்கயே அனுப்பிட்டாங்க. மாசக் கடைசியில நீங்க பார்த்துச் சரின்னு சொல்லணும். இல்லன்னா படிப்பை விட்டுட வேண்டியதுதான்."

"இங்க நல்லாத்தானே பண்ணின?"

மாணவி தயங்கினாள். "நல்லாப் பார்த்தேன் சிஸ்டர்."

அன்று மாலை இதைச் சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை. "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தவர் பக்கத்துல உக்காந்ததும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்குவார். வெளிய விட்டா ஸ்டியரிங்குக்குப் போயிடுமாம்."

வார்டில் கையை எங்கே வைப்பது? பாக்கெட்டில் வைத்துப் பார்த்தார், தானாக வெளியே வந்தது. கடைசியில் அழுக்குப் பஞ்சு போடும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரம் நிற்கப் பழகினார். அப்படியும் முதல் வாரத்தில் சில தடவை தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்தார். மாணவி மெல்ல "சிஸ்டர்" என்பாள். தட்டு மறுபடி கைக்கு வரும்.

மாசக் கடைசியும் வந்தது. நோயாளி, வயிற்றில் அறுவை செய்துகொண்ட தையல்காரர்.

"தையல் நேரா இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா. கோணலா இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

மாணவி பழைய கட்டைப் பிரித்தாள், கை கழுவினாள், சுத்தமான புதுக் கையுறையை மாட்டினாள். புதுத் துணியை எடுத்து நிமிரும்போது விரல் நுனி கட்டில் கம்பியில் உரசியது. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கை புண்ணை நோக்கிப் போனது.

சிஸ்டருக்குத் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். நாலு விரல் தூரத்துக்கு வந்தால் தடுத்துவிடுவது என்று மனதுக்குள் கோடு போட்டுக்கொண்டார். தையல்காரரின் வயிற்றில் கிருமி போக விட முடியாது. ஆனால் தடுத்தால் அதோடு இவள் படிப்பும் போயிற்று.

கோட்டுக்கு வெளியிலேயே கை நின்றது.

"கம்பியில பட்டுடுச்சு. ஒரு நிமிஷம் ஐயா, எல்லாத்தையும் மாத்திக்கறேன்."

"லேசாத்தானேம்மா பட்டுச்சு? பரவாயில்ல, போடு."

"போட மாட்டேன் ஐயா."

துணியும் கையுறையும் தட்டில் விழுந்தன. மறுபடி கை கழுவினாள், மறுபடி மாட்டினாள். இந்த முறை விரல்கள் எதையும் தொடாமல் நேராகப் போய் வேலையை முடித்தன.

தையல்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தையலை மூடிட்ட, அது உள்ள எப்படியோ. மேல பிளாஸ்டர் கோணல்."

கோணல்தான். சிஸ்டருக்கு விரல் ஊறியது. "ஒட்டியிருக்குல்ல, இருக்கட்டும்" என்றார். பிறகு மாணவியிடம், "தப்பு நடந்ததும் நான் சொல்லாமலே நீயே நிறுத்தின. அது போதும். நீ தேறிட்ட, படிப்பை விட வேண்டியதில்ல" என்றார்.

மாணவி கையுறையைக் கழற்றினாள். சுற்றிலும் கிடந்ததை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். அழுக்குத் தட்டு மட்டும் இன்னும் சிஸ்டரின் இறுகிய விரல்களுக்குள் இருந்தது.

"இங்க கொண்டாங்க சிஸ்டர்" என்று கை நீட்டினாள்.

அவர் கொடுத்தார்.