ஹெல்மெட்காரனுக்காகத் தள்ளிப்போன பால்

எங்கள் வீட்டில் நேரத்துக்கு மந்திரி நான்தான். சென்னையில் இப்போது மணி என்ன, சிங்கப்பூர் சித்தப்பா எழுந்திருப்பாரா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். இந்தப் பதவி படிப்பால் வந்ததில்லை. ஓர் அமெரிக்க ஃபுட்பால் வீரரால் வந்தது.

அவர் தடுப்பாட்டக்காரர். முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவனைக் கீழே தள்ளுவதுதான் அவருடைய உத்தியோகம். புள்ளி எடுப்பவர்களுக்கு விளம்பரப் படங்கள் கிடைத்தன. இவருக்கு முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள் கிடைத்தன. பதினோரு வருடத்தில் மூன்று அணிகள் மாறினார். ஒரு தடவைகூடப் பந்தைப் புள்ளி கிடைக்கிற எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனதில்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, சிட்னிப் புறநகரான மெரிலேண்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டில் கார்ட்டூன் தேடிக்கொண்டிருந்த காலை ஒன்றில், அவருடைய முதல் ஆட்டம் கண்ணில் பட்டது. தன்னைப்போல ஒன்றரை மடங்கு இருந்த ஆளை இடுப்பில் பிடித்துச் சாய்த்தார். பிறகு அவரே கைகொடுத்துத் தூக்கியும் விட்டார். அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். அதன்பின் அவர் ஆடிய எந்த ஆட்டத்தையும் நேரலையில் தவறவிட்டதில்லை. அங்கே ஞாயிறு மதியம் என்றால் இங்கே திங்கள் காலை. பள்ளி நாட்களில் திங்கட்கிழமை தோறும் எனக்கு வந்த வயிற்றுவலிக்கு எந்த டாக்டராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

அம்மா அவரை ‘ஹெல்மெட்காரன்’ என்பாள். முழங்கால் போய் அவர் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தபோது, அவர் பெயரில் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். “பேரைச் சொல்லிட்டேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், முழிச்சேன். சரி, உன் நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்” என்றாள்.

அவர் திரும்ப ஆடப்போகும் நாளை அறிவித்தார்கள். அதே திங்கட்கிழமை காலையில், பிளாக்டவுனில் நாங்கள் வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சுவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம் என்று ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டர் சொன்னது. என் கணக்கு வேறு: ஏழு இருபத்தைந்துக்கு ஆட்டம் ஆரம்பம், முடியப் பத்தரை. பால் மட்டும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும்.

“அம்மா, காலண்டர் சூரியனை வச்சுப் போட்டது. இங்க வெயில்காலத்துக்குன்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்கோம். ஏழரை ஒன்பது ராகுகாலம்னா, இங்க அது எட்டரை பத்து. ஒன்பதேகாலுக்குக் காய்ச்சினா நட்ட நடு ராகுகாலம்!”

“ஐயையோ! என்னங்க, கேட்டீங்களா?”

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷமா இல்லாம, ராகுகாலத்துக்கு இப்பதான் டேலைட் சேவிங் வந்துச்சா?”

ஆனாலும் மந்திரி சொன்னால் சொன்னதுதான். பால் பத்தேகாலுக்கு மேல் என்று மாறியது.

திங்கட்கிழமை ஏழு இருபத்தைந்துக்குப் புது வீட்டின் காலிக் கூடத்தில் போனைத் திறந்தேன். கோட் போட்ட நான்கு பேர் மேஜையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழு நாற்பதுக்கும் பேசினார்கள். அப்போதுதான் உறைத்தது. அமெரிக்காவில் அந்த வாரக்கடைசியில்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். ஆட்டம் எட்டு இருபத்தைந்துக்கு. ஒவ்வொரு நவம்பரிலும் நடப்பதுதான், ஒவ்வொரு நவம்பரிலும் எனக்கு நினைவிருக்கும். இந்தமுறை ராகுகாலத்தைத் திருத்துகிற மும்முரத்தில் மறந்துவிட்டேன். பாலைக் கொண்டுபோய் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு நேராக நானே வைத்திருக்கிறேன்.

“அம்மா, யோசிச்சுப் பார்த்தா ஒன்பதேகாலே பரவாயில்லைன்னு...”

“ராகுகாலத்துலயா? வாயைக் கழுவுடி!”

புது வீட்டில் மூன்று குளியலறைகள். மூன்றிலும் முறைவைத்துப் போய் ஆட்டத்தின் முக்கால் பங்கைப் பார்த்துவிட்டேன். “பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ?” என்று ஹோமத்துக்கு நடுவில் குருக்களே விசாரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளகிய மனசு.

பிறகு அடுப்பு. “கன்னிப்பொண்ணு, நீதான் பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்” என்று அம்மா என்னைப் பானைக்கு முன்னால் நிறுத்தினாள். போனைச் சத்தமில்லாமல் பானைக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்த்தேன். குருக்கள் மெல்ல அருகில் வந்தார்.

“பிள்ளை, ஆர் வெல்லுறது?”

“நாங்கதான் ஐயா. மூணு புள்ளியில.”

“ஓம், ஓம். முகத்தைச் சும்மா வைச்சிருங்கோ, அம்மா பாக்கிறா.”

பால் விளிம்புக்கு ஏறியது. அதே நொடியில் ஹெல்மெட்காரர் எம்பினார். வேறொருவனுக்கு எறிந்த பந்து அவர் கையில்! ஓடினார். தைத்த முழங்காலோடு, முன்னால் ஒருவருமில்லாத புல்வெளியில், பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கோட்டை நோக்கி ஓடினார். நான் கையை நீட்டினேன்.

“பானையைத் தொடாதே! பொங்குது! கிழக்கால வழியுது பாருங்க!” என்று கத்தினாள் அம்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். கிழக்கில்தான் என் போன் இருந்தது. வெள்ளை நுரைக்குள் அவர் ஓடி மறைந்தார். திரை கறுத்தது.

துடைக்க வந்த அம்மா பாலுக்கடியிலிருந்து போனை எடுத்தாள். “இது என்னடி?” நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், ராகுகாலம் உட்பட. அம்மாவின் முகம் வெளுத்தது. “ஐயா, அப்போ நேரம் தப்பா?”

குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “இல்லையம்மா. பிள்ளை கள்ளத்துக்குச் சொன்னாலும் கணக்குச் சரி. முந்தின நேரத்துக்குக் காய்ச்சியிருந்தால்தான் பிழை.”

அறைவதா முத்தமிடுவதா என்று தெரியாமல் அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு போனை முந்தானையால் துடைத்து, சாமிக்கு வைத்திருந்த நிறைபடி அரிசிக்குள் செருகினாள்.

“சரி, அந்த ஹெல்மெட்காரன் என்ன ஆனான்?”

யாருக்கும் தெரியவில்லை. குருக்கள் பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்தார். நான் சொன்னபடி தட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“கோட்டுக்கு ரெண்டடி முன்னால விழுத்திப்போட்டினம்.”

அம்மா போனுக்குக் கிட்டே வந்தாள்.

“முழங்கால்?” என்றாள் அம்மா.

“எழும்பி நிக்கிறார்.”

“அது போதும்.”

மிச்ச ஆட்டத்தை அந்தச் சின்னத் திரையில் நான்கு தலைகள் முட்டப் பார்த்தோம். அணி வென்றது. அவருக்குப் புள்ளி இல்லை, வழக்கம்போல.

“ஒரு ஆட்டத்தைக் கோட்டை விட்டுட்டா” என்று அப்பா இன்றும் விருந்தாளிகளிடம் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்வதில்லை. நான் நேரலையில்தான் இருந்தேன்; நடுவில் பால் வந்து நின்றுகொண்டது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா என் கட்சி.