அண்ணியின் சீரம்

அறுபதுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த லேபில் வேலை பார்த்தேன். சிவப்பணுவில் ஏ, பி, ஓ என்று பிரிவுகள் இருப்பதுபோல வெள்ளையணுவிலும் உண்டு என்று அப்போதுதான் எங்கள் பக்கம் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கடையில் மருந்து கிடையாது. பல பிரசவம் கண்ட பெண்களின் ரத்தம்தான் மருந்து. வயிற்றுக் குழந்தையில் பாதி அப்பனுடையது. தாயின் உடம்பு அந்தப் பாதியை அந்நியன் என்று அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். அவள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டு எடுத்து, இன்னொருவரின் வெள்ளையணுக்களோடு கலந்து, முயல் சீரமும் சாயமும் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அணு செத்திருந்தால் கறுத்துத் தெரியும். அந்தச் சீரம் அடையாளம் காணும் பிரிவு அவருக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

வார்டில் பெண்களிடம் ரத்தம் கேட்டு வாங்குவது என் வேலை. "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்காதே, "எத்தனை பிரசவம்?" என்று கேள் என்றார் டாக்டர். இரண்டுக்கும் பதில் வேறு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மர்பி டவுனில் எங்கள் வீட்டிலேயே அண்ணி இருந்தாள். முதல் கேள்விக்கு அவள் பதில் 'இல்லை'. இரண்டாவதற்கு ஐந்து. ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை.

அந்த இரண்டாவது கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. நான் கேட்டதும் கையை நீட்டிவிட்டாள். "எதுக்காச்சும் உதவட்டும்" என்றாள்.

அவள் சீரத்தைச் சோதித்துப் பார்க்க அண்ணனும் ஒரு நாள் வந்து ரத்தம் கொடுத்தான். எங்கள் டாக்டர் மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர். நல்ல மனிதர், பேச்சில் மட்டும் முந்திரிக்கொட்டை. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "இல்லி நோடப்பா, இங்க பாரு! உன் ஒய்ஃப் சீரம் ஃபர்ஸ்ட் கிளாஸ். உன் செல் ஒண்ணு விடாம கொன்னு போட்டிருக்கு!" என்று அண்ணனிடம் குதித்தார்.

அதை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். "என் ரத்தத்தையே சாவடிச்சிட்டாளாம்மா இவ."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தினாள். "அதானே பாத்தேன். கட்டுனவன் ரத்தத்தையே கொல்லுதுன்னா, வயித்துல இருந்தது எப்படிப் பொழைக்கும்?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவின் வாயில் அந்த ரசத்தையே கொட்டலாம் போல இருந்தது எனக்கு. அண்ணி எழுந்து போய்க் கை கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதில்லை. அது தாவி வந்தால் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வாள். அண்ணனையும் கிட்டே சேர்க்கவில்லை. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "புள்ள சுமந்ததாலதான் ரத்தம் அப்படி ஆச்சு அண்ணி. ரத்தம் அப்படி இருந்ததால புள்ள போகல." செவிடன் காதில் ஊதிய சங்குதான். "என் மனசு ஆறணும்னு சொல்றே" என்பாள்.

சொன்னால் நம்பமாட்டாள், காட்டிவிடலாம் என்று ஒரு நாள் லேபுக்கு அழைத்துப்போனேன். ஏழு பிள்ளை பெற்ற அல்சூர் அம்மா ஒருத்தி அன்று கணவனோடு ரத்தம் கொடுக்க வந்திருந்தாள். ஏற்கெனவே அவள் கொடுத்திருந்த சீரத்தை அவள் கணவனின் அணுக்களோடு சேர்த்து, அண்ணியைப் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் கறுத்துக் கெடக்குதே."

"செத்த அணு. அவங்க வீட்டுக்காரரோடது. கொன்னது அவங்க ரத்தம்தான்."

"புள்ளைங்க?"

"ஏழும் நல்லாருக்கு" என்று வராந்தாவைக் காட்டினேன். கடைசி மூன்றும் பெஞ்சில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அண்ணி கதவருகே போய் நின்று பார்த்தாள். அவள் முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன்.

"அப்ப என்னுதுங்க ஏன் போச்சு?"

டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

"அத்தை சொன்னதாச்சும் ஒரு பதிலா இருந்துச்சு" என்றாள் அண்ணி. "அதையும் புடுங்கிட்டியே."