திட்டு வாங்கிக்கொண்டு நின்ற வேதாசலம் அண்ணன்

நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா வந்து நின்றாள். வேறு நாளாக இருந்தால், "அக்கா, டிவில உன் வூட்டுக்காரர் வந்துக்கினு இருக்காரு" என்று கேலி செய்வாள். அன்று, "அவரு போய்ட்டாராம்க்கா" என்றாள். சினிமாவில் மட்டும் எனக்கு வீட்டுக்காரராக இருந்த வேதாசலம் அண்ணனைத்தான் சொன்னாள்.

அவரைப் பார்த்துச் சிரிக்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார். எனக்கு ஒரு நாள் பழக்கம்தான். கிழவர்கள் கபடி ஆடும் அந்தச் சிரிப்புப் படத்தைத் திருப்புட்குழியில் எடுத்தபோது வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அவர் பாடிக்கொண்டே போய், யாரும் பிடிப்பதற்கு முன்னே தானே விழுந்தார். கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரர் செத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதாசலம் அண்ணனுக்கு மனைவியாக நடிக்க வேண்டியவர் அன்று வரவில்லையாம். என்னைக் கைகாட்டி, "என்னப் பாத்து சிரிக்காதது அது ஒண்ணுதான். அதையே பொண்டாட்டியா போடுங்கப்பா" என்றார்.

படத்தில், கபடி ஆடிவிட்டுச் சேறும் மண்ணுமாக வீட்டுக்கு வரும் அவரை நான் திட்ட வேண்டும். சொல்லிக் கொடுத்தது வாயில் வரவில்லை. "அத வுடுமா. உன் வூட்டுக்காரர் இப்டி வந்தா இன்னான்னு திட்டுவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சோறு ஆறிப்போச்சு. இந்த வயசுல உனக்கு இன்னாய்யா ஆட்டம்? வுழுந்து கால ஒடிச்சிக்கினா யாரு பாக்கறது?" என்று ஆரம்பித்தேன். தியேட்டரில் அந்த இடத்துக்குத்தான் கைதட்டினார்கள்.

சாவுக்குச் சென்னைக்குப் பஸ் ஏறிப் போனேன். வரிசையை நகர்த்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் நான் அவருக்கு யார் என்று கேட்டார். அவர்கூட ஒரு படத்தில் நடித்தேன் என்றேன். "எல்லாரும் அதான்மா சொல்றாங்க. நவுந்துக்கினே இரு" என்றார். தலைமாட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அழ நான் யார்? கால்மாட்டில் பூவைப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வீட்டுக்கு வந்து, போய்வந்தேன் என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

படத்தில் அவர் தலையைச் சொறிவதோடு அந்தக் காட்சி முடிந்துவிடும். எடுத்த அன்று முடியவில்லை. கட் சொன்ன பிறகும் நான் அழுதுகொண்டே திட்டினேன். லைட்டை அணைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவர் மட்டும் உடம்பில் சேறு காயக் காயத் தலைகுனிந்து நின்றார். நான் ஓய்ந்ததும், "இன்னும் எதனா இருக்குதாமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் கால் கழுவப் போனார். அவர் நின்ற அந்த நேரத்தைத்தான் நான் வைத்திருக்கிறேன்.