கோழிக்குஞ்சுக்குக் கடற்பாசி முத்து

செல்லூரில் சூடாமணியின் வீட்டு மாடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்குச் சட்டை தைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சு பரவை சந்தையை எட்டுவதற்குள் அந்தச் சட்டைக்குப் பொத்தானும் வைத்துவிட்டார்கள். பொத்தான் மட்டும்தான் பொய்.

சூடாமணி நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. பரவைப் பக்கம் ஒரு சின்னக் கோழி மருந்துக் கம்பெனியில் வேலை. கணவர் துளசிராம் வீட்டின் கீழ்த்தளத்தில் சேலைக்குக் கரை அச்சிடுகிறவர். சாயம் துணியில் பரவி ஓடாமலிருக்க, கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பவுடரைப் பசையாகக் கரைத்துச் சாயத்தில் கலப்பார்கள். அதே பசையைக் கால்சியம் உப்பு கரைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசிபோல் இறுகிவிடும். அந்த முத்துக்குள் குடலுக்கு நல்லது செய்யும் தயிர்ப் பூச்சிகளை உயிரோடு அடைக்க வேண்டும் என்பது சூடாமணியின் எண்ணம். வெறுமனே தீவனத்தில் தூவினால், குஞ்சின் இரைப்பை அமிலத்திலேயே அவை செத்துவிடும்.

அது 2003, சித்திரை மாதம். திண்டுக்கல் சாலையில் ஒரு பசுமாடு நின்றவாக்கில் காய்ச்சிய பாலையே கறந்தது என்று சொன்னாலும் நம்பக்கூடிய வெயில். பரவையில் கோழி வளர்க்கும் பால்பாண்டியின் கொட்டகையில் குஞ்சுகள் கழிச்சல் கண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தன. முத்தைத் தின்னக் கொடுத்துப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார், ஆனால் அன்று சாயங்காலம் வரைதான். அதற்குமேல் வழக்கமான கிருமிக்கொல்லிப் பவுடரைத் தண்ணீரில் கலந்துவிடுவார். அது நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காது. சூடாமணியின் முதலாளியும் பட்டும்படாமல் ஒன்று சொல்லிவைத்திருந்தார்: பால்பாண்டி கைவிட்டால் இந்த முத்து விளையாட்டை மூட்டைகட்டிவிடலாம்.

காலையில் முதல் சொட்டு விழுந்தது. இறுகவில்லை. வால் முளைத்த சளிபோல் அடியில் போய்ப் படுத்தது. இரண்டாவதும் அப்படியே. கரண்ட் போய்க் கம்பெனிக் குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் கெட்டுவிட, மிஞ்சியது ஒரே பாட்டில் பூச்சிகள்தான். அதையும் சற்று முன்தான் பசையில் கொட்டிக் கலந்திருந்தாள். பாட்டிலின் அடியில் ஒரு வாய் மட்டும் பாக்கி.

கால்சியம் உப்பு சரி. தண்ணீர் சரி. பசை? அதைத் துளசிராம் விடியற்காலையிலேயே எழுந்து கரைத்துவைத்திருந்தார், மனைவிக்கு ஒத்தாசையாக.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம் என்றாலும் கோபம் வந்தால் சூடாமணிக்குத் தமிழ்தான் வரும்.

"ஏங்க, பசையில என்னத்தப் போட்டீங்க?"

"என்னத்தப் போடுவாக? எப்பவும் போல மொதல்ல உப்புமுறி மருந்து, பெறகு பவுடர்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லூர் போர்த் தண்ணீரின் உப்பில் பசை திரிதிரியாகிவிடும். அதனால் அந்தத் தெருவில் எந்த அச்சுப் பட்டறையிலும் தண்ணீரின் சுண்ணாம்பை, அதாவது கால்சியத்தை, பிடித்துக் கட்டிப்போடும் மருந்தைப் போடாமல் பவுடரைத் தொடமாட்டார்கள். முத்து இறுகுவதற்கோ அந்தச் சுண்ணாம்பேதான் வேண்டும். மருந்து அதைச் சொட்டுக்குள் நுழையவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டிருந்தது.

துளசிராமுக்கு முகம் செத்துவிட்டது. "நல்லதுன்னுதானம்மா போட்டேன்."

பசையிலிருந்து பூச்சிகளைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஒரு வழி இருந்தது. மருந்து பிடித்துத் தீர்க்க முடியாத அளவுக்குக் கால்சியம் உப்பை அள்ளிக் கொட்டுவது. அவ்வளவு உப்பில் உள்ளே இருப்பவை பிழைக்குமா என்பதை யாரும் சொல்ல முடியாது. சூடாமணி கொட்டினாள். சொட்டு விழுந்தது, உருண்டது, நின்றது. விரலால் அழுத்தினால் துள்ளியது. சீக்கிரமே அள்ளி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, மிச்சப் பாட்டிலோடு ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பரவை பஸ்ஸைப் பிடித்தாள்.

பால்பாண்டியின் மீசை கொட்டகை வாசலுக்கு முதலில் வந்தது, அவர் பிறகு வந்தார். கையில் கிருமிக்கொல்லிப் பவுடர் பொட்டலம்.

"மேடம், இது உசுரோட இருக்கா, செத்துப்போச்சா?"

"தெரியலண்ணே."

"தெரியாமத்தான் என் குஞ்சு வாயில போடப் போறீகளா?"

நியாயமான கேள்வி. கம்பெனியில் தட்டில் வளர்த்துப் பார்க்க மறுநாள் ஆகும். அவள் பால்பாண்டியின் மனைவி ஒச்சாயியிடம் காய்ச்சிய பால் கேட்டாள். முத்தில் கொஞ்சத்தையும், பாட்டிலில் மிஞ்சிய வெறும் பூச்சிகளையும் கையோடு கொண்டுவந்த, இரைப்பைப் புளிப்புக்கு ஈடான அமிலத்தில் தனித்தனியே ஊறவைத்தாள். அமிலமே பாலைத் திரித்து ஏமாற்றிவிடாதபடி இரண்டையும் சோடா உப்பால் முறித்தாள். முத்துகளைக் கரண்டியால் நசுக்கி ஒரு டம்ளர் பாலிலும், வெறும் பூச்சிகளை இன்னொரு டம்ளர் பாலிலும் விட்டு மூடினாள். உயிர் இருந்தால் உறையும்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளே மேலும் சில குஞ்சுகளுக்குத் தலை தொங்கியது. ஒச்சாயி அவற்றை ஓலைக்கூடையில் எடுத்துக்கொண்டு போனாள், யாரையும் பார்க்காமல். பால்பாண்டி பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். டம்ளரைத் திறக்கலாமா என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் சூடாமணி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஆட்டினால் உறைவது கெடும். உண்மையில் பார்க்கத்தான் பயம்.

வெயில் சாய்ந்தது. பால்பாண்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தபோது அவள் மூடியை எடுத்தாள். வெறும் பூச்சி டம்ளரைச் சாய்த்தாள், பால் ஓடியது. மற்றதைச் சாய்த்தாள். ஓடவில்லை. இன்னும் சாய்த்தாள். விளிம்பில் கொஞ்சம் தெளிந்த நீர் மட்டும் கசிந்தது.

"அண்ணே, இங்க வாங்க."

அவர் வந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அமிலத்தில் ஊறியது என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் தடவையும் நக்கியாயிற்று.

"புளிக்கிது," என்றார். கொட்டகையின் நடுவே இருந்த கம்பி வலையைக் காட்டினார். "வலைக்கு அந்தப் பக்கம் ஒங்க முத்து. இந்தப் பக்கம் என் பவுடர். பாதிக்கு மேல தரமாட்டேன்."

பாதி போதும் என்று சூடாமணி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போனாள். தீவனத்தில் முத்தைப் பிசிறினாள். முதல் குஞ்சு ஒரு முத்தைக் கொத்தித் துப்பியது. பின்னால் வந்த குஞ்சு அதைத் தட்டிப் பறித்து, விழுங்கிக்கொண்டே ஓடியது.