கையில் பட்ட பந்து

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டிக்கு இந்த வருஷமும் நடுவர் கிடைக்கவில்லையாம். கமிட்டிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் புலம்புகிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிடைத்த ஒருத்தியை என்ன செய்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. கல்லூரி அணியில் ஆடியவள். நடுவர் தேர்வும் எழுதித் தேறியிருந்தாள். நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம் கமிட்டி அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தது. முந்தின வருஷம் அடி வாங்கிய நடுவர், இனி கொழிஞ்சாம்பாறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அத்தை தயங்கினாள். அப்பாதான் பேசி முடித்தார்.

“நம்மூட்டுப் புள்ளய யாரு அம்மணி என்ன சொல்லப் போறாங்க? நானும் அங்கதான நிக்கறேன்.”

அரையிறுதி. அறுவடை முடிந்த வயலில் ஆட்டம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் கோலுக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டினான். அத்தை விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தாள். எதிரணி கோல் போட்டது. தோற்றோம்.

பிறகு வந்த வார்த்தைகளை எழுத முடியாது. அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கத்தினார்கள். யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டது. அன்று எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போன கமிட்டிச் செயலாளர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அத்தை நகரவில்லை. அப்போது என் தலைக்கு மேலிருந்தே ஒரு குரல் எழுந்தது.

“கண்ணு பொட்டையாடி உனக்கு? ஊட்டுக்குப் போடி.”

அப்பாவின் குரல். அத்தை திரும்பிப் பார்த்தாள். அத்தனை இரைச்சலிலும் அந்தக் குரலை அவளுக்குத் தெரியாமல் போகுமா?

வீட்டில் சாப்பிடும்போது நான்தான் கேட்டேன். “பந்து கையில படலீங்களாப்பா?”

“பட்டுதுதான் கண்ணு” என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. “பட்டா என்ன? நம்ம டீமுல்ல.”

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் செயலாளர் வந்தார். இறுதி ஆட்டத்துக்கும் அவளே வேண்டுமாம். “ஆட்டத்துல இதெல்லாம் சகஜமுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க.”

“மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு. போதும் நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?”

அவர் சிரித்து மழுப்பினார்.

“அப்ப நீங்களே ஊதிக்கங்க” என்று விசிலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் பிறகு அவள் எந்த ஆட்டத்துக்கும் விசில் ஊதவில்லை.

அப்பாவையும் அத்தையையும் என்னையும் தவிர வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் அப்படிக் கத்தினார்கள் என்று நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால் ஊரே வந்து அத்தையிடம் மன்னிப்புக் கேட்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் பால் சொசைட்டியிலும் பார்த்தவர்களிடமெல்லாம், “பந்து கையிலதான் பட்டுது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “தெரியுமே.”

அதைக் கேட்டு எனக்கு ஏன் அழுகை வந்தது என்று அப்போது விளங்கவில்லை.