உங்கள் அம்மா தன்னைக் கவனிக்காமல் இருக்கவில்லை

இன்று ஓராண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும் சொந்தக்காரர், அயலவர் எல்லோருக்கும் என் வணக்கம். நான் ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வாசிப்பீர்கள் என்று தெரிந்தும், இதை என் மூன்று பிள்ளைகளுக்குத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா சித்தாண்டியில் மூன்று பெண்களில் நடுப்பிள்ளையாகப் பிறந்தார். உங்கள் அம்மப்பா வேளாண்மைக்காரர். ஒரே வளவுக் காணியை மூன்றாகப் பிரித்து மூன்று மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். மாங்கேணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த நான் கல்யாணம் முடித்து அந்த நடுவீட்டுக்கு வந்து, வயல் செய்யத் தொடங்கினேன். ஒரு பக்கம் பெரியம்மா வீடு, மறுபக்கம் சின்னம்மா வீடு. அம்மா தையல் பழகி, காத்தான்குடியில் துணி எடுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தார். பிள்ளை வளரும், அடுத்த வருடமும் போடட்டும் என்று உள்மடிப்பைக் கூடுதலாக விட்டுத்தான் தைப்பார்.

ஒரு மாரி மழை தொடங்கியபோது அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நோவு இல்லை. தானாகவே கிளினிக்குக்குப் போய்க் காட்டினார். சதைத்துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு லிம்போமா என்றார்கள், நிணநீர்க் கணுவில் வருகிற புற்றுநோய். கீமோ கொடுத்தார்கள். அடுத்த சிறுபோக நெல் வெட்டுவதற்கு முன்னமே, சில மாதங்களுக்குள், அம்மா போய்விட்டார். ஒரு வருடமாகியும் அந்த வேகத்தை என்னால் நம்ப முடியவில்லை. சில காலைகளில் இன்னும் இரண்டு தேத்தண்ணீர் ஊற்றிவிடுகிறேன்.

உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குத்தான் இந்த வருத்தம் வரும் என்று யாரோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். தினமும் முருங்கை, வல்லாரை, முடக்கொத்தான் எல்லாம் இடித்துப் பிழிந்து இலைக்கஞ்சி காய்ச்சினேன்.

"இஞ்ச பாருங்க, ஒரு கரண்டியும் இறங்குதில்ல. பின்னேரம் குடிக்கிறன்" என்றார் அம்மா.

"பின்னேரம் பின்னேரம் எண்டுதான் இப்பிடி வந்து கிடக்கிறாய். கண்ட நேரத்தில திண்டா உடம்பில என்ன சக்தி இரிக்கும்?"

பெரியம்மா குறுக்கே வந்தார். "அவள விடுங்க மச்சான். முதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க. மாடும் மோந்து பாக்காது."

அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு முழுவதையும் குடித்தார். பிறகு வாந்தி எடுத்தார். மறுநாளும் காய்ச்சினேன்.

அம்மா இறந்த எட்டாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் இது எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "அவ தன்னக் கவனிக்கல்ல. பட்டினி கிடந்து தைச்சா. உடம்பில சக்தி இல்லாமப் போச்சு" என்று முன்விறாந்தையில் இருந்து ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பிள்ளைகளே, நீங்கள் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, வயல் வட்டைக்குப் போக மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சமையல் குசினி வாசலுக்கு வந்தேன். சின்னமகள் இலைக்கஞ்சிக் கோப்பையை அண்ணனிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடி அண்ணா. குடிக்காட்டி நீயும் அம்மா மாதிரிப் போயிருவாய்."

"போடி, நாறுது."

"அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவ. மறுகா என்ன நடந்த?"

நான் மண்வெட்டியை வாசலில் சாய்த்துவைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை தன் தாய் அந்தத் தாயின் பிழையாலேயே செத்தாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அன்றைக்கு வட்டைக்குப் போகவில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டொக்டரிடம் போனேன். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தானே இது வந்தது என்று கேட்டேன்.

"இல்ல ஐயா. அந்தக் கட்டிக்குள்ள கெட்ட கலம், செல் எண்டு சொல்றது, கொஞ்சந்தான் இருந்த. மிச்சமெல்லாம் அவவுட சொந்த நல்ல கலங்கள். சண்டை பிடிக்கிற கலங்களும் வந்து நிண்டிருக்கு."

"வந்தா ஏன் அடிக்கல்ல?"

"சுத்தி நிண்ட மத்தக் கலங்கள் விடல்ல. கெட்ட கலம் அதுகளத் தன்ட பக்கம் திருப்பி வச்சிரும். அதுகள் அடிக்க வாற கலங்களுக்கு, இது நம்மட ஆள், நீ போ எண்டு சைகை குடுக்கும். வந்ததுகள் சும்மா நிண்டு களைச்சுப் போயிரும்."

"அப்ப கஞ்சி?"

"கஞ்சி நல்ல சாப்பாடுதான் ஐயா. ஆனா குடிச்சதாலயும் குடிக்காததாலயும் இது மாறியிராது. அந்தத் தடைய எடுக்கிற மருந்து சிலதும் இப்ப இரிக்கு. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்குதில்ல. ஏன் எண்டு இன்னும் தேடிக்கொண்டுதான் இரிக்கிறாங்க."

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. கல்யாணம் முடித்த முதல் வருடம், யுத்தப் பிரச்சினைக் காலம், என்னைப் பிடித்துப்போக ஆட்கள் வந்தார்கள். நான் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தேன். மூன்று வீட்டு வேலிக் கடப்பு வாசலிலும் மூன்று சகோதரிகளும் நின்று, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்ல" என்றார்கள். வந்தவர்கள் கிறுகித் திரும்பிப் போய்விட்டார்கள். அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். டொக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கடப்புத்தான் தெரிந்தது. என்னைக் காப்பாற்றிய அதே விதமான மறைப்பு, உங்கள் அம்மாவின் உடம்புக்குள் அந்த நோயைக் காப்பாற்றியிருக்கிறது. பஸ்ஸில் வந்தவன் சித்தாண்டியில் இறங்க மறந்து, அதைத் தாண்டிக் கிரானில் போய் இறங்கினேன்.

எட்டாம் நாள் எல்லோர் முன்னாலும் சொன்னதை இன்று எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்கிறேன். உங்கள் அம்மா தன்னைக் கவனிக்காமல் இருக்கவில்லை. அவர் உடம்பு சோம்பிக் கிடக்கவும் இல்லை. எதிர்க்க வேண்டியவை எல்லாம் வந்து நின்றன, மறிக்கப்பட்டன. இதற்குமேல் எனக்கு விளங்கவில்லை. சொந்தக்காரரே, என் பிள்ளைகள் கேட்டால் நோயின் பெயரைச் சொல்லுங்கள். மிச்சம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு கீமோவுக்கும் தன் வேனில் ஏற்றிப்போன காத்தான்குடித் துணிக்கடை முதலாளி நானாவுக்கும், மாறி மாறிக் கண்விழித்த பெரியம்மா, சின்னம்மாவுக்கும், அம்மாவின் தலைமயிர் கொட்டிய நாளில் அருகில் இருந்து சீலையால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்ட தாதிப் பிள்ளைக்கும் எங்கள் நான்கு பேருடைய நன்றி. செத்த வீட்டுக்குச் சமைத்து அனுப்பியவர்களையும் பந்தல் போட்டவர்களையும் பெயர் சொல்ல இடம் போதாது. நாங்கள் மறக்கவில்லை.

கடைசி வாரம் ஒரு பின்னேரம், பிள்ளைகள் ரியூசனுக்குப் போன நேரம், அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "நான் நீங்க தந்த எல்லாம் குடிச்சன்தானே? மறுகா ஏன் இப்பிடி?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஓம், நீ எல்லாம் குடித்தாய். உன்னில் ஒரு பிழையும் இல்லை.