புகையிலைக் கொட்டிலில் கேட்ட பதில்

கார்த்திகை மழை விடுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றுதான் எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. டென்மார்க்கின் பிரெடரிசியா என்ற சிறிய கோட்டை நகரத்தில், அகதிகளாக வந்து சேர்ந்த எங்களுக்கு இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். நான், என் கணவர், நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள்.

கணவர் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். மழை விட்டதும் கன்று நடவேண்டும், ஒரு போகம் தவறினால் தோட்டம் பற்றையாகிவிடும் என்பதே அவருடைய பேச்சு. ஊரிலோ இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் நடந்துகொண்டிருந்தன. அவர் வயது ஆண்கள் பிடிபட்டால் மீண்டு வருவது நிச்சயமில்லை.

"நான் மட்டும் போறன். நீர் பிள்ளையோட இஞ்ச இரும்" என்றார். திங்கட்கிழமை அகதிகள் அலுவலகத்துக்குப் போய், ஊர் திரும்புவதாகச் சொல்லிவிடுவதென்று முடிவும் செய்துவிட்டார். நான் அழுதும் பார்த்தேன், பேசாமலிருந்தும் பார்த்தேன்.

அதற்கு முதல்நாள், எங்களுக்கு டேனிஷ் கற்பித்த ஆசிரியை ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் கணவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். புல் மூடிய மண் அரண்களின் மேல் நடந்தோம். முந்நூறு வருடங்களுக்கு முன் கோட்டையைக் கட்டிய அரசனுக்கு அதில் குடியிருக்க ஆட்கள் கிடைக்கவில்லையாம். அதனால் எந்தச் சமயத்தவரும் வரலாம், அவரவர் முறைப்படி வழிபடலாம் என்று அறிவித்தார்களாம். யூதர்கள் வந்தார்கள், கத்தோலிக்கர் வந்தார்கள், சமயத்துக்காகத் துரத்தப்பட்ட பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தியரும் வந்தார்கள். யூதர்களின் பழைய கல்லறை எழுத்துகளை மகள் விரலால் தடவிப் பார்த்தாள். அகதி வாழ்வை அந்த ஊருக்கு நாங்கள்தான் முதலில் கொண்டுவந்தோம் என்றுதான் அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

கடைசியாக ஒரு பழைய மரக்கொட்டிலைத் திறந்து காட்டினார். பலகைச் சுவர்களின் இடைவெளிகளில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம். கூரைவரைக்கும் குறுக்குத் தடிகள். நான் வாய் திறக்குமுன் கணவரே சொன்னார்:

"இது புகையிலை காயத் தூக்கிற கொட்டில்."

அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான் இங்கே புகையிலை பயிரிட்டவர்களாம்.

"இந்தக் குளிருக்கயோ? விசரே இவைக்கு?"

பல மாதங்களுக்குப் பின் அவர் சிரித்தது அன்றுதான். ஒரு தடியை எட்டித் தொட்டு விரலை முகர்ந்தார். "புகை மணம் ஒண்டும் இல்லை. வெறும் காத்திலதான் காயவிட்டிருக்கினம் போல." பிறகு என்னைப் பார்த்தார். "இவை எப்ப திரும்பிப் போனவையாம்? கேளும்."

கேட்டேன். ஆசிரியை புன்னகையோடு கையைத் தன் நெஞ்சில் வைத்தார். அவர்கள் போகவில்லை, நான் அவர்களில் ஒருத்தி என்றார்.

ஊர் ஊர் என்றே மூச்சுவிடும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

"என்னவாம்?"

"போகேல்லையாம். இவ அவையின்ட ஆளாம்."

அன்றுதான் முதன்முறை காண்பவர்போல அவர் ஆசிரியையைப் பார்த்தார். "அப்ப பிறெஞ்சு கதைப்பாவோ?"

கதைக்க வராதாம். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபம் ஒன்று மட்டும் தாய்வழியாக வந்ததாம், அதிலும் எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரியாதாம். அந்தக் கொட்டிலுக்குள் நின்றே அதைச் சொன்னார். அந்த ஒருத்திக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், எத்தனை தலைமுறை நிரையாக நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் அரண்மேல் ஏறியதும் கணவர் காலால் மண்ணைக் கிளறினார்.

"மண் பிழையில்லை. வெயில்தான் காணாது."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்கெண்டு அரியண்டம் தராதேயும். பிள்ளையைத் தாரும், நித்திரையாப் போறாள்."

மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை. அந்த மாரியில் ஊர் திரும்பியவர்களைப் பற்றி வந்த செய்திகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

வரலாறு என்பது மறைந்தவர்களைப் பற்றியது என்று படித்து வளர்ந்தவள் நான். அன்று அது எங்கள்முன் உயிரோடு நின்று, என் கணவரை எனக்குத் திருப்பித் தந்தது. நெடுங்காலம் வாழ்ந்து அவர் போய்விட்டார், ஆசிரியையும் இன்று இல்லை. மகளும் அவள் பிள்ளைகளும் நானும் இதே ஊரில் இருக்கிறோம்.